காலியாக விடக்கூடாத கட்டம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளுக்கும் வார்ப்பாலைகளுக்கும் நடுவே கணினி நிறுவனங்கள் முளைக்கத் தொடங்கிய பிறகு, இந்தப் பகுதியின் பேச்சில் சில புதிய தொழிற்பெயர்கள் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஊரார்க்கும் உறவினர்க்கும் இன்றுவரை பிடிபடாத ஒன்று எங்களுடையது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டி.பி.ஏ. என்பார்கள், தமிழில் தரவுத்தள நிருவாகி. பெண் பார்க்கப் போன இடத்தில் ‘கம்ப்யூட்டர்ல என்ன பண்றீங்க தம்பி?’ என்ற கேள்விக்கு எங்களில் ஒருவர் கால் மணிநேரம் விளக்கம் சொல்லி முடித்ததும், பெண்ணின் பாட்டி ‘கணக்குப்பிள்ளை வேலைதானே’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாராம். அதைவிடச் சரியான விளக்கம் இதுவரை எங்களுக்குக் கிட்டவில்லை.

நாங்கள் நால்வர். ஆவடியிலிருந்து ஒருவர், பூந்தமல்லியிலிருந்து ஒருவர், திருமுல்லைவாயலிலிருந்து இருவர். பட்டரைவாக்கம் நிலையத்தில் இறங்கி நடந்து வருகிறவர்களும், பேருந்தில் தொங்கி வருகிறவர்களும், முறை வைத்து இரவும் பகலும் ஒரு நிறுவனத்தின் தரவுத்தளங்களைக் காவல் காக்கிறோம். அந்த நிறுவனம் சிறுதொழிற்சாலைகளின் வருகைப் பதிவு, சம்பளக் கணக்கு, சேமநிதிக் கணக்கு ஆகியவற்றைப் பராமரித்துத் தருவது. நாங்கள் மென்பொருள் எழுதுகிறவர்கள் அல்லர். பிறர் எழுதிய மென்பொருள் எங்கே போய்த் தன் சொற்களைச் சேமித்து வைக்கிறதோ, அந்தக் களஞ்சியத்தின் சாவி எங்களிடம் இருக்கிறது, அவ்வளவே.

வேலை நன்றாக நடக்கும் நாளில் எங்கள் இருப்பு எவருக்கும் தெரியாது. காலையில் வந்ததும் இரவு எடுத்த காப்புப்படி முழுமையாக முடிந்ததா என்று பார்ப்போம். வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்ப்போம். முந்தைய நாள் இரண்டு நொடியில் விடை தந்த கேள்வி இன்று இரண்டு நிமிடம் எடுத்தால் ஏன் என்று தேடுவோம். மாதக் கடைசியில் எல்லாத் தொழிற்சாலைகளும் ஒரே நேரத்தில் சம்பளம் போட அமரும்போது பூட்டுகள் சிக்கிக்கொள்ளும். பட்டறையில் இருவர் வேலை செய்கிறார்கள். ஒருவர் கையில் ஸ்பேனர், மற்றவர் கையில் சாவி. ஸ்பேனர் வைத்திருப்பவர் சாவிக்காகக் காத்திருக்கிறார், சாவி வைத்திருப்பவர் ஸ்பேனருக்காகக் காத்திருக்கிறார். தம் கையில் உள்ளதை இருவரும் விடமாட்டார்கள். மனிதர்களானால் பேசித் தீர்ப்பார்கள், அல்லது அடித்துக்கொள்வார்கள். தரவுத்தளம் இருவரில் ஒருவரின் வேலையை ரத்து செய்து மற்றவருக்கு வழி விடுகிறது. ரத்தானவர் எங்களுக்குத் தொலைபேசியில் பேசுவார். அவர் பேசுகிற தமிழை இங்கே எழுத இயலாது.

இந்தத் தொழிலுக்கு ஒரு மூலவர் உண்டு. எட்கர் காட் என்ற ஆங்கிலேயர். ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வகத்தில் பணியாற்றியபோது 1970இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தரவுகளை வரிசைகளும் பத்திகளும் கொண்ட அட்டவணைகளாக வைத்துக்கொண்டால், அவை வட்டில் எங்கே எப்படிக் கிடக்கின்றன என்று அறியாமலே வேண்டியதைக் கேட்டுப் பெறலாம் என்பது அதன் சாரம். 1981இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. இன்று வங்கியில் பணம் எடுப்பதும் ரயிலில் இடம் பிடிப்பதும் பெரும்பாலும் அந்த யோசனையின் மேல்தான் நடக்கின்றன.

காட் ஒரு நுட்பமான சிக்கலையும் எண்ணிப்பார்த்தார். அட்டவணையின் ஒரு கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லாவிட்டால் என்ன செய்வது? பூச்சியம் எழுதினால் அதுவும் ஒரு எண்ணாகிவிடும். ஆகவே வெறுமைக்கென்று ஒரு குறி வேண்டும். 1990இல் வெளிவந்த தமது நூலில் அவர் இந்த வெறுமையை இரண்டாகப் பிரித்தார். மதிப்பு உண்டு, ஆனால் நமக்குத் தெரியவில்லை என்பது ஒன்று. இவருக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது என்பது மற்றொன்று. ஒருவரின் பிறந்தநாள் தெரியாமலிருப்பது முதல் வகை. மணமாகாதவரின் திருமண நாள் இரண்டாம் வகை. சந்தையில் உள்ள தரவுத்தளங்கள் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. ஒரே ஒரு வெற்றிடக் குறியோடு நின்றுவிட்டன. தத்துவப் பூசல் போலத் தோன்றும் இந்த வேறுபாடு, ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஒவ்வொரு நாளும் யாரையோ ஒருவரை வரிசையில் நிறுத்தி வைக்கிறது என்று சொன்னால் வாசகர்கள் வியக்கக்கூடும்.

தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்து உண்டு. சிலருக்கு மணமானபின் கணவன் பெயரின் முதலெழுத்து. படிவம் தயாரித்தவருக்கோ முதற்பெயர், இறுதிப்பெயர் என்று இரண்டு பத்திகள் வேண்டும். இரண்டையும் காலியாக விடக்கூடாது என்று தரவுத்தளத்துக்குக் கட்டளையும் இட்டிருப்பார். காட் சொன்ன ‘பொருந்தாது’ என்ற விடைக்கு அங்கே இடமில்லை. தட்டச்சு செய்பவர் என்ன செய்வார்? ஒரு புள்ளி வைப்பார். சிறு கோடு போடுவார். பெயரையே மறுபடி அடித்து முருகன் முருகன் என்பார். தகப்பன் பெயரை இறுதிப்பெயராக்குவார். இன்னொரு அலுவலகத்தில் இன்னொருவர் அதே மனிதரை வேறு விதமாக நிரப்புவார். பல ஆண்டுகள் கழித்து இரண்டு பதிவுகளையும் ஒப்பிடும் நாளில், ஒரே மனிதர் இருவராக நிற்பார்.

பெயர்களைத் ‘தூய்மை செய்யும்’ நிரல்கள் இதைவிடக் கொடியவை. மரியாதை அடைமொழிகளை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள் என்று எவரோ எழுதிய நிரல் ஒன்று எங்களிடம் வந்தது. திரு, திருமதி, செல்வி மூன்றையும் எங்கே கண்டாலும் வெட்டியது. திருநாவுக்கரசு நாவுக்கரசானார், திருமலை மலையானார், அவையாவது பரவாயில்லை. முகவரிப் பத்தியில் புகுந்து திருவேற்காட்டை வேற்காடாகவும், திருமுல்லைவாயலை முல்லைவாயலாகவும், திருநின்றவூரை நின்றவூராகவும் ஆக்கியது. செல்வி என்றே பெயர் கொண்ட பெண்களுக்கு மிஞ்சியது வெறும் கட்டம்தான். சோதனைப் பிரதியில் ஓட்டிப் பார்த்ததால் தப்பித்தோம். நாங்கள் சிரித்தோம்தான், ஆனால் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை.

ஊர்ப்பெயர்களின் கதை தனி. பூந்தமல்லி என்றும் பூவிருந்தவல்லி என்றும் நாம் எழுதுகிறோம். ஆங்கிலத்திலோ பூனமல்லி என்று படிக்கும்படியான எழுத்துக்கூட்டல். 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது; 2018இல் அம்பத்தூர் வட்டம் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது; 2019இல் ஆவடி மாநகராட்சியானது. வீடு இருந்த இடத்தில் இருக்க, முகவரி மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. 2020 சூன் மாதத்தில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளிவந்து, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. மொழிப்பற்றுள்ளவர்கள் என்ற முறையில் அந்த நோக்கத்தை நாங்கள் மதித்தோம். எத்தனை அட்டவணைகளில் எத்தனை வரிசைகள் என்று மனக்கணக்குப் போட்ட முறையில், திரும்பப் பெற்ற செய்தி கேட்டுப் பெருமூச்சும் விட்டோம். இரண்டும் உண்மை.

இனி எழுத்துக்கு வருவோம். தமிழ் கணினிக்குள் வந்த வரலாறு பல குறியாக்கங்களின் வரலாறு. திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு முறையில் எழுதி, ஒருவர் எழுதியது மற்றவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தை இந்தப் பக்கத்தின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒருங்குறி வந்து அந்தத் துயரைத் தீர்த்தது. 2010இல் தமிழக அரசும் அதை ஏற்றது. ஆயினும் எங்களைப் போன்றவர்களுக்குச் சில புதிர்களை அது விட்டுவைத்தது. ‘கொ’ என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாலும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாலும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, தேடும் இயந்திரத்துக்கு வேறு. சௌந்தரத்தின் ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தை அடித்து ‘செளந்தரம்’ ஆக்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அகரவரிசை கேட்டால் குறியெண் வரிசையில் தரும். அங்கே னகரம் பகரத்துக்கு முன்னால் நிற்பதால் அன்பு முந்திக்கொள்ள அப்பு பின்னால் வருவார். தமிழாசிரியர் பார்த்தால் பிரம்பெடுப்பார்.

எல்லாவற்றிலும் பெரிய புதிர் நீளம். முத்துலட்சுமி என்ற பெயரில் நம் கணக்குப்படி 7 எழுத்துகள். ஒருங்குறிக் கணக்கில் அது 13 குறிகள். பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க்குறிக்கும் 3 பைட் வேண்டும். ஆக 39 பைட். முன்னால் மு. என்று தலைப்பெழுத்தும் ஓர் இடைவெளியும் சேர்த்தால் 47. இதே பெயரை ஆங்கிலத்தில் தலைப்பெழுத்தோடு எழுதினால் 15 பைட்டில் அடங்கிவிடும். பெயருக்கு 40 போதும் என்று முடிவு செய்தவர் ஆங்கிலத்தில் எண்ணி முடிவு செய்தவர்.

இந்த 40க்கும் 47க்கும் இடையிலுள்ள பள்ளத்தில் 11 பேர் விழுந்த கதையைச் சொல்ல வேண்டும்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதை எவரும் மறக்க இயலாது. அதுவரை ஒப்பந்தத் தொழிலாளர்க்கு உறையில் போட்டு ரொக்கமாகக் கூலி கொடுத்துவந்த தொழிற்சாலைகள் ஒரே மாதத்தில் வங்கிக் கணக்குக்கு மாற வேண்டியதாயிற்று. எங்களிடம் கணக்கு வைத்திருந்த ஒரு தொழிற்சாலை, ஒப்பந்ததாரர்களிடமிருந்து பெயர்ப்பட்டியலைப் பெற்றது. தொழிலாளர்க்குத் தமிழில் சம்பளச் சீட்டுத் தரவேண்டும் என்று நல்ல எண்ணத்தோடு பட்டியலைத் தமிழில் தட்டச்சு செய்திருந்தார்கள். 412 பெயர்கள். நவம்பர்க் கூலியை டிசம்பர் 7ஆம் தேதிக்குள் தந்தாக வேண்டும். இடையில் 5ஆம் தேதி இரவு முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தார். மறுநாள் ஊரே அடங்கிக் கிடந்தது. 7ஆம் தேதி அவசர அவசரமாகப் பட்டியலை ஏற்றினார்கள். சம்பள மென்பொருளின் திரையில் ‘ஏற்றம் நிறைவுற்றது’ என்ற செய்தி பச்சை நிறத்தில் வந்தது. நிறைவுற்றதுதான். 401 பெயர்கள் உள்ளே போயின. நீளம் மிகுந்த 11 வரிசைகளைத் தரவுத்தளம் ஏற்க மறுத்து, மறுக்கப்பட்டவை என்ற தனிக்கோப்பில் ஒழுங்காக எழுதி வைத்திருந்தது. அந்தக் கோப்பு ஒன்று உண்டு என்பதே மென்பொருளை விற்ற நிறுவனம் எவருக்கும் சொல்லாத செய்தி.

8ஆம் தேதி காலை தொழிற்சாலையின் டைம் ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. 11 பேருக்குக் கூலி ஏறவில்லை. அரை மணிநேரத்தில் காரணத்தைக் கண்டு சொன்னோம். எழுத்தர் அதை அருகில் நின்றவர்களுக்கு விளக்கியிருப்பார் போலும். சற்றுநேரத்தில் ஒரு பெண்மணி அவரிடமிருந்து தொலைபேசியை வாங்கிப் பேசினார்.

‘சார், என் பேரு பெருசா இருக்குன்னு சம்பளம் போடலையாமே, நெசமா?’

ஆம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா? இரண்டும் பொய்யாகவே பட்டன. ‘பெயர் வைக்கிற இடம் சின்னதா இருக்குதும்மா’ என்றோம்.

‘அப்ப இடத்தைப் பெருசு பண்ணுங்க சார். பத்தாந்தேதி வாடகை குடுக்கணும்.’

காட் கூட இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார். இடத்தைப் பெரிதாக்குவது ஒற்றைவரிக் கட்டளை; இயங்குவதற்கு ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் அந்த அட்டவணை மென்பொருளை விற்ற நிறுவனத்தினுடையது. அவர்கள் எழுத்து மூலம் ஒப்புதல் தராமல் அதன் அமைப்பில் கைவைக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அது அர்த்தமற்ற விதியும் அன்று. நினைத்தவர் நினைத்தபடி அட்டவணைகளை நீட்டினால், வேறெங்கோ ஒரு நிரல் முறிந்து 400 பேருக்கும் கூலி நிற்கலாம். சாவி வைத்திருப்பவன் கதவைத் திறக்காமலிருப்பதும் காவலின் பகுதியே. மின்னஞ்சல் அனுப்பினோம், அழைத்தோம். ‘அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்’ என்றார்கள். மறுபடி அழைத்தோம். சோதனைப் பிரதியில் பத்தியை நீட்டி, சம்பளம் முழுவதையும் ஓட்டி, ஒன்றும் முறியவில்லை என்று காட்டி அனுப்பினோம். ஒப்புதல் வந்தது 9ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை.

மறுநாள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை; வங்கி இல்லை. அதற்கடுத்த நாள் ஞாயிறு. இன்றுபோல் நெஃப்ட் முறையில் எந்நேரமும் பணம் அனுப்பும் வசதி அப்போது இல்லை. நெஃப்ட் முறை நாள் முழுவதும் இயங்கத் தொடங்கியது 2019 டிசம்பரில்தான். 12ஆம் தேதி திங்களன்று வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்தது.

மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்த சாலைகளைக் கடந்து, எங்களில் இருவர்தாம் மறுநாள் அலுவலகம் சேர முடிந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் தேடுவது அன்று தரவுத்தள நிருவாகியின் முதற்கடமையாயிற்று; கையிலோ செல்லும் தாள்கள் இல்லை. முந்தைய ஆண்டு, 2015 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரமும் தொலைபேசியும் நாள்கணக்கில் அற்றுப்போனதைக் கண்டபின் காப்புப்படியின் ஒரு பிரதியை வெளியூரில் வைக்கும் பழக்கம் ஏற்பட்டிருந்ததால், தரவு போய்விடும் என்ற அச்சம் இல்லை. 11 பேரின் கூலி கணக்கில் ஏறியது 15ஆம் தேதி வியாழக்கிழமை. வாடகைக்கு அந்தப் பெண்மணி என்ன செய்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டு என்ன சொல்லியிருப்போம் என்பதும் விளங்கவில்லை.

அடுத்த மாதமே உலகறிய ஒரு செய்தி வந்தது. 2017 சனவரி 31 அன்று, நிரலாளர்கள் தம் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், நெடுநேரம் வேலை செய்து களைத்த பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் அழிப்புக் கட்டளையை இட்டுவிட்டார். சில நொடிகளில் நிறுத்தியும் பயனில்லை. பெரும்பகுதி தரவு போய்விட்டது. காப்புப்படிகளைத் தேடினார்கள். நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பப்பட்ட காப்புப்படி, மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றது என்று அது அனுப்பிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக 6 மணிநேரம் முன்பு எடுத்துவைத்த ஒரு பிரதியால் மீண்டார்கள். மீட்கும் வேலையை உலகமே பார்க்க நேரலையில் வைத்த அவர்களின் நேர்மையை இன்றும் எண்ணிப்பார்க்கிறோம். காப்புப்படி எடுத்தோம் என்பது செய்தியே அன்று. அதிலிருந்து மீட்டுப் பார்த்தோம் என்பதே செய்தி. மாதம் ஒருமுறை ஒரு காப்புப்படியை வேறொரு கணினியில் முழுவதுமாக உயிர்ப்பித்து, எண்ணிப் பார்க்கும் வழக்கம் எங்களிடம் அன்று முதல் கட்டாயமாயிற்று. எவரும் பாராட்டாத வேலை. ஒரு முழு இரவு எடுக்கும்.

இப்போது மேகக் கணினி வந்துவிட்டது. காப்புப்படி தானே எடுக்கிறது, இடம் தானே விரிகிறது, மெதுவான கேள்விகளைத் தானே சுட்டிக்காட்டுகிறது. நிருவாகி இனி எதற்கு என்று கேட்கிறார்கள். எங்கள் வேலையில் பாதியை இயந்திரம் எடுத்துக்கொண்டது உண்மை. அதில் வருத்தமும் இல்லை. இரவு 2 மணிக்கு வட்டு நிரம்பிய செய்தி கேட்டு எழுவதில் கவித்துவம் ஒன்றும் கிடையாது. ஆனால் இயந்திரம் விரித்துத் தருவது வட்டைத்தான். பெயருக்கு எத்தனை இடம் வேண்டும், எந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம் என்பவற்றை இன்னமும் மனிதர்கள்தாம் முடிவு செய்கிறார்கள். பெரும்பாலும் தம் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தம்மைப் பற்றிய தரவைத் திருத்தக் கோரும் உரிமை இடம்பெற்றிருக்கிறது. நல்லது. தவறாகப் பதிவானவர் திருத்தம் கோரலாம். பதிவே ஆகாதவர் எதைச் சுட்டிக் கோருவார்?

ஆகவே எங்கள் காலைப் பணிகளின் வரிசை மாறிவிட்டது. முன்பு காப்புப்படி முதலில். இப்போது அது இரண்டாவது. முதலில் திறப்பது மறுக்கப்பட்ட வரிசைகளின் கோப்பு. பெரும்பாலான நாள்களில் அது வெறுமையாக இருக்கும். என்றேனும் ஒரு பெயர் இருந்தால், நேரம் பாராமல் அந்தத் தொழிற்சாலைக்குத் தொலைபேசியில் பேசி, பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுகிறோம்.